ஊட்டி 643001, கொடைக்கானல் 624101: ஆறு இலக்க எண்ணைக் கையாலேயே அலசுவது எப்படி

ஒரு பெரிய முழு எண்ணைக் கொடுத்து அதன் பண்புகளைச் சொல்லச் சொன்னால், பெரும்பாலான மாணவர்கள் உடனே 2, 3, 5, 7 என்று வகுக்க ஆரம்பித்துவிடுவார்கள். வகுப்பதில் தவறில்லை. ஆனால் அதற்கு முன் எண்ணின் அமைப்பை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தால் பாதி வேலை குறையும். சில எண்களில் போகிற வழியே மாறிவிடும். கொடைக்கானலின் பின்கோடு அப்படிப்பட்ட எண்.

நீலகிரியிலும் பழனி மலையிலும் கணித மன்றம் நடத்தும் ஆசிரியர்களுக்கும், தனியாகக் கணக்குப் போட்டுப் பார்க்க விரும்பும் மாணவர்களுக்கும் இதை எழுதுகிறோம். எடுத்துக்கொண்ட எண்கள் நான்கு: ஊட்டி 643001, கொடைக்கானல் 624101, குன்னூர் 643101, கூடலூர் 643212. நான்கும் மலையில் இருப்பவர்களுக்கு மனப்பாடம். பின்கோடு முறை 1972 ஆகஸ்ட் 15 அன்று வந்தது. முதல் இலக்கம் 6 என்றால் தமிழகம், கேரளம் அடங்கிய மண்டலம். முதல் மூன்று இலக்கங்கள் கடிதம் பிரிக்கும் வட்டாரத்தையும், கடைசி மூன்று அஞ்சலகத்தையும் குறிக்கும். 643 நீலகிரி; 624 திண்டுக்கல் வட்டாரம், அதனால்தான் கொடைக்கானலும் பழனியும் ஒரே 624-ல் வருகின்றன.

மலையின் உயரத்தையோ தூரத்தையோ எடுக்காமல் பின்கோடை எடுத்ததற்குக் காரணம் உண்டு. தொட்டபெட்டாவின் உயரம் 2637 மீட்டர். காரணிப்படுத்தினால் 3² × 293. அதையே அடியில் சொன்னால் ஏறக்குறைய 8652. அது 2² × 3 × 7 × 103. மலை ஒன்றுதான், காரணிகள் வேறு. ஊட்டி முத்தோரையில் உள்ள ரேடியோ தொலைநோக்கி 326.5 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்கிறது. ஹெர்ட்ஸில் எழுதினால் 32,65,00,000, அதாவது 2⁵ × 5⁶ × 653. கிலோஹெர்ட்ஸில் எழுதினால் 3,26,500, அதாவது 2² × 5³ × 653. இங்கே 653 மட்டும்தான் அலைவரிசையிலிருந்து வருகிறது. 2-களும் 5-களும் நாம் தேர்ந்தெடுத்த அலகிலிருந்து வருகின்றன. அளவு எண்ணின் காரணிகளைப் பேசும்போது பாதி அலகைப் பற்றித்தான் பேசுகிறோம். பின்கோடுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

தேவையானவை

கட்டம் போட்ட நோட்டு, பென்சில், 801 வரையிலான பகா எண் பட்டியல். கால்குலேட்டர் இருந்தால் சரிபார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டியலை மாணவர்களே சல்லடை முறையில் தயாரிப்பது நல்லது. 1 முதல் 801 வரை எழுதி, 2, 3, 5, 7, 11, 13, 17, 19, 23 ஆகியவற்றின் மடங்குகளை அடித்தால் போதும். அடுத்த பகா எண் 29; 29² = 841, அது 801-ஐத் தாண்டிவிடுகிறது. பட்டியல் சரியா என்று பார்க்க இந்த எண்ணிக்கைகள் உதவும்: 100 வரை 25 பகா எண்கள், 200 வரை 46, 300 வரை 62, 400 வரை 78, 500 வரை 95, 600 வரை 109, 700 வரை 125, 800 வரை 139. எந்த நூறில் எண்ணிக்கை பிசகுகிறதோ அங்கே மட்டும் திரும்பப் பார்த்தால் போதும்.

பகா எண் மாதிரி தோற்றமளித்து ஏமாற்றுபவை 91, 119, 133, 161, 221, 247, 299, 323, 391, 437, 493, 527, 551, 589, 667, 713 போன்றவை. இவற்றில் ஒன்று பட்டியலில் தங்கிவிட்டால் ஒரு வகுத்தல் வீணாகும், அவ்வளவுதான். ஒரு பகா எண் விடுபட்டுப்போனால்தான் ஆபத்து: பகு எண்ணைப் பகா எண் என்று அறிவித்துவிடுவோம்.

எதுவரை வகுக்க வேண்டும்

ஓர் எண்ணுக்குக் காரணி இருந்தால், அவற்றில் சிறியது அதன் வர்க்கமூலத்தைத் தாண்டாது. 801² = 6,41,601; 802² = 6,43,204. எனவே 643001-க்கு 801 வரையுள்ள பகா எண்கள், அதாவது 139 பகா எண்கள் போதும். 139 என்பது உச்ச வரம்பு. நடுவில் ஒரு காரணி கிடைத்தவுடன் எண் சிறியதாகும், வரம்பும் சுருங்கும். பலர் இதை மறந்து பழைய வரம்பு வரையே வகுத்துக்கொண்டு போவார்கள்.

சிறிய பகா எண்களைக் கழிப்பது

2, 5-க்குக் கடைசி இலக்கம். 3-க்கும் 9-க்கும் இலக்கக் கூடுதல். 643001-ன் கூடுதல் 14, எனவே 3 இல்லை.

7, 11, 13 மூன்றையும் ஒரே மூச்சில் பார்க்கலாம். 7 × 11 × 13 = 1001. கடைசி மூன்று இலக்கத்திலிருந்து முதல் மூன்று இலக்கத்தைக் கழியுங்கள்: 001 − 643 = −642. 642-ஐ 7-ஆல் வகுத்தால் மீதி 5, 11-ஆல் 4, 13-ஆல் 5. மூன்றும் இல்லை. இப்படியே முதல் மூன்றையும் கடைசி மூன்றையும் கூட்டினால் 37-க்கான சோதனை கிடைக்கும், ஏனென்றால் 999 = 27 × 37. 643 + 1 = 644; 37 × 17 = 629; மீதி 15. 37-உம் இல்லை.

வால் வெட்டும் முறை

மற்ற பகா எண்களுக்கு நீள்வகுத்தலைவிட வேகமான வழி ஒன்று இருக்கிறது. நீள்வகுத்தல் இடமிருந்து வலம் போகும். இது வலமிருந்து இடம். எண்ணின் கடைசி இலக்கம் 0 ஆகும்படி, சோதிக்கும் பகா எண்ணின் பொருத்தமான மடங்கைக் கழியுங்கள். வந்த சுழியத்தை வெட்டிவிடுங்கள். திரும்பச் செய்யுங்கள். 2, 5 தவிர்த்த எந்தப் பகா எண்ணுக்கும் 10-ஓடு பொதுக் காரணி கிடையாது. எனவே சுழியத்தை வெட்டுவதால் வகுபடும் தன்மை மாறாது.

643001-ஐ 61-ஆல் சோதிப்போம்.

643001-ன் வால் 1. 61 × 1 = 61. கழித்தால் 642940. சுழியத்தை வெட்டினால் 64294.
வால் 4. 61 × 4 = 244. கழித்தால் 64050. வெட்டினால் 6405.
வால் 5. 61 × 5 = 305. கழித்தால் 6100. வெட்டினால் 610.
610 = 61 × 10.

எனவே 61 ஒரு காரணி. ஈவுக்குத் தனியாக வகுக்க வேண்டியதில்லை. பயன்படுத்திய பெருக்கிகள் 1, 4, 5, கடைசியில் 10. வலமிருந்து இடமாக எழுதினால் 10541. அதுதான் ஈவு! முதல் பெருக்கி ஒன்றின் இடம், அடுத்தது பத்தின் இடம், அடுத்தது நூறின் இடம், கடைசியில் மிஞ்சுவது ஆயிரத்திலிருந்து தொடங்குவது.

எந்த மடங்கைக் கழிப்பது என்று தெரிய, வால் 1-ஐ ஒழிக்கும் பெருக்கியை நினைவில் வையுங்கள். 1-ல் முடியும் பகா எண்ணுக்கு 1. 3-ல் முடிவதற்கு 7. 7-ல் முடிவதற்கு 3. 9-ல் முடிவதற்கு 9. வால் வேறு இலக்கமாக இருந்தால் அந்த இலக்கத்தால் பெருக்கி, வருவதன் கடைசி இலக்கத்தை எடுங்கள். 83-ஐ வைத்து வால் 4-ஐ ஒழிக்க: 7 × 4 = 28, எனவே பெருக்கி 8; 83 × 8 = 664, வால் 4 பொருந்துகிறது.

இதில் வரும் வழக்கமான பிழை: வகுபடாத எண்ணில் கடைசியாக மிஞ்சுவதை மீதி என்று எழுதிவிடுவது. அது மீதி அல்ல. இந்த முறை வகுபடுமா, படாதா என்று மட்டும்தான் சொல்லும். மீதி வேண்டுமென்றால் நீள்வகுத்தலுக்குத்தான் போக வேண்டும்.

61 பட்டியலில் 18-ஆவது பகா எண். அதற்கு முந்தைய 17 பகா எண்களும் தோற்ற பிறகு இது கிடைக்கிறது. இப்போது மிச்சம் 10541. 102² = 10404, 103² = 10609; புது வரம்பு 102. 139 பகா எண்களில் முக்கால்வாசிக்கும் மேல் பட்டியலை விட்டு வெளியேறிவிட்டன. 61-லிருந்தே மீண்டும் தொடங்க வேண்டும், 67-லிருந்து அல்ல. ஒரே பகா எண் இரண்டு முறையும் வரலாம். 61, 67, 71, 73, 79 ஐந்தும் வகுக்கவில்லை. 83:

10541-ன் வால் 1. 83 × 7 = 581. கழித்தால் 9960. வெட்டினால் 996.
996 = 83 × 12.

பெருக்கிகள் 7, 12. ஈவு 127. 127 என்பது 83²-ஐவிடச் சிறியது, 83-க்குக் கீழே உள்ள பகா எண்கள் எதுவும் அதை வகுக்காது என்று ஏற்கெனவே பார்த்துவிட்டோம். எனவே 127 பகா எண், தனிச் சோதனை தேவையில்லை.

643001 = 61 × 83 × 127.

மூன்று வெவ்வேறு பகா எண்கள், ஒவ்வொன்றும் ஒருமுறை. 127 = 2⁷ − 1, அதாவது மெர்சென் பகா எண். ஊட்டியின் பின்கோடுக்குள் அப்படி ஒன்று இருப்பது மாணவர்களுக்குச் சொல்ல நல்ல செய்தி.

விடையைச் சரிபார்ப்பது

இலக்கங்களைக் கூட்டி ஒற்றை இலக்கமாக்கும் 9-சோதனை எல்லோருக்கும் தெரியும். 61 → 7, 83 → 11 → 2, 127 → 10 → 1. பெருக்கினால் 14 → 5. 643001 → 14 → 5. பொருந்துகிறது. ஆனால் இலக்கங்கள் இடம் மாறியிருந்தால் இந்தச் சோதனைக்குத் தெரியாது. 640301 என்று தவறாக எழுதியிருந்தாலும் 5-தான் வரும்.

அதற்கு 11-சோதனையையும் சேர்த்துச் செய்யுங்கள். வலமிருந்து மாறி மாறிக் கூட்டிக் கழிக்க வேண்டும். 643001: 1 − 0 + 0 − 3 + 4 − 6 = −4, அதாவது 7. 61: 1 − 6 = −5, அதாவது 6. 83: 3 − 8 = −5, அதாவது 6. 127: 7 − 2 + 1 = 6. மூன்றுமே 6! 6 × 6 × 6 = 216; 11 × 19 = 209; மீதி 7. பொருந்துகிறது. அடுத்தடுத்த இரண்டு வேறு இலக்கங்கள் இடம் மாறினால் 11-சோதனை கட்டாயம் காட்டிக்கொடுக்கும். பின்கோடில் ஆதாரில் இருப்பது போன்ற சரிபார்ப்பு இலக்கம் கிடையாது. எனவே எழுதும்போதே கவனம் தேவை.

காரணி கையில் வந்த பிறகு

ஒவ்வொரு பகா எண்ணின் அடுக்கோடும் 1-ஐக் கூட்டிப் பெருக்கினால் காரணிகளின் எண்ணிக்கை: 2 × 2 × 2 = 8. அவை 1, 61, 83, 127, 5063, 7747, 10541, 643001.

காரணிகளின் கூடுதல்: 62 × 84 × 128 = 6,66,624. எண்ணையே கழித்தால் 23,623. அது 643001-ஐவிட மிகக் குறைவு. எனவே இது குறை எண். ஏழு காரணிகளையும் நேராகக் கூட்டிப் பாருங்கள், 23,623-தான் வரும்.

643001-ஐவிடச் சிறிய, அதனுடன் சார்பகா எண்களாக (1-ஐத் தவிர வேறு பொதுக் காரணி இல்லாதவையாக) உள்ளவை எத்தனை? 60 × 82 × 126 = 6,19,920. 

1 ÷ 643001-ஐத் தசமமாக எழுதினால் எத்தனை இலக்கத்துக்கு ஒருமுறை திரும்ப வரும் என்பதையும் காரணிகளே சொல்லிவிடும். 1/61-ன் சுழற்சி 60 இலக்கம், 1/83-ன் சுழற்சி 41, 1/127-ன் சுழற்சி 42. 10-ன் எந்த அடுக்கை வகுத்தால் முதன்முதலில் மீதி 1 வருகிறதோ, அந்த அடுக்குதான் சுழற்சியின் நீளம். 127-க்கு மட்டும் போட்டுக் காட்டுகிறோம்: 10³ = 1000, 127-ஆல் வகுத்தால் மீதி 111, அதாவது −16. எனவே 10⁶ என்பது 256-க்குச் சமம், அதாவது மீதி 2. 2⁷ = 128, மீதி 1. ஆகவே 10⁴² மீதி 1. இதைவிடச் சிறிய அடுக்கு எதற்காவது 1 வருமா என்று பார்க்க 42-ன் காரணிகளில் 21, 14, 6 மூன்றைச் சோதித்தால் போதும்; 10²¹-க்கு −1, 10¹⁴-க்கு 19, 10⁶-க்கு 2. எதுவும் 1 இல்லை. இனி 60, 41, 42-ன் மீச்சிறு பொது மடங்கு: 420 × 41 = 17,220. ஊட்டி பின்கோடின் தலைகீழி 17,220 இலக்கங்களுக்கு ஒருமுறை சுழல்கிறது. கால்குலேட்டரில் இதைப் பார்க்க வழியே இல்லை; நோட்டில் அரைப்பக்கத்தில் கிடைத்துவிடுகிறது.

கொடைக்கானல்: முதலில் உருவத்தைப் பாருங்கள்

624101-க்கும் அதே வழியில் போனால் 2, 3, 5, 7, 11, 13 என்று தோற்றுத் தோற்று, பட்டியலில் 60-ஆவது பகா எண்ணில்தான் விடை கிடைக்கும். ஐம்பத்தொன்பது தோல்விக்கு முன்பே பலர் இதைப் பகா எண் என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

வர்க்கமூலம் எடுக்கும்போதே நின்று கவனிக்க வேண்டும். 79² = 6241. எனவே 790² = 6,24,100. நம் எண் அதைவிட ஒன்றே ஒன்று அதிகம்.

624101 = 790² + 1.

எட்டு இலக்கக் கால்குலேட்டரில் வர்க்கமூலம் போட்டால் 790.00063 என்று வரும். "790-தான், கால்குலேட்டர் கொஞ்சம் பிசகுகிறது" என்று நினைத்து முழு வர்க்கம் என்று எழுதிவிடுவது இங்கே நடக்கக்கூடிய தவறு. முழு வர்க்கத்தின் இலக்கக் கூடுதலை ஒற்றை இலக்கமாக்கினால் 1, 4, 7, 9 மட்டுமே வரும். இதற்கு 14 → 5. முழு வர்க்கம் இல்லை என்று அங்கேயே தெரிந்துவிடும்.

ஒரு வர்க்கத்தோடு 1 கூட்டிய எண்ணை, 4-ஆல் வகுத்தால் மீதி 3 வரும் எந்தப் பகா எண்ணும் வகுக்காது. 7-ஐ எடுத்துப் பாருங்கள். எந்த வர்க்கத்தை 7-ஆல் வகுத்தாலும் மீதி 0, 1, 2, 4 மட்டுமே. வர்க்கம் + 1 வகுபட வேண்டுமென்றால் மீதி 6 வர வேண்டும்; அது வரவே வராது. 11-க்கு வர்க்க மீதிகள் 0, 1, 3, 4, 5, 9. தேவையான 10 இல்லை. 19, 23, 31, 43, 47 என எல்லாவற்றுக்கும் இதே கதி. பெர்மாவின் சிறு தேற்றத்திலிருந்து இது வருகிறது: வர்க்கத்தின் மீதி −1 என்றால், அதை ஒற்றைப்படை அடுக்குக்கு உயர்த்தினாலும் −1-தான்; ஆனால் 4-ஆல் வகுத்து 3 மீதி வரும் பகா எண்ணுக்கு அந்த அடுக்கில் 1 வந்தே ஆக வேண்டும் என்கிறது தேற்றம். இரண்டும் ஒத்துப்போகாது.

ஆகவே சோதிக்க வேண்டியவை 5, 13, 17, 29, 37, 41, 53, 61, 73, 89, 97... என்ற வரிசை மட்டுமே. 60 சோதனை 28 ஆகக் குறைகிறது. 5-ஐப் பார்த்தவுடன் தள்ளிவிடலாம், ஆக 27.

ஒவ்வொரு சோதனையும் சுலபமாகிறது. ஆறு இலக்க எண்ணை வகுக்க வேண்டாம். 790-ஐ மட்டும் வகுத்து, மீதியை வர்க்கப்படுத்தி, 1 கூட்டிப் பாருங்கள். 17-க்கு: 790-ன் மீதி 8; 64 + 1 = 65; 17-ஆல் வகுபடாது. 29-க்கு: மீதி 7; 49 + 1 = 50; இல்லை. 37-க்கு: மீதி 13; 169 + 1 = 170; இல்லை. மீதி பெரியதாக இருந்தால் எதிர்ம மீதியை எடுங்கள், வர்க்கத்தில் குறி போய்விடும். 13-க்கு மீதி 10 என்பதற்குப் பதில் −3; 9 + 1 = 10; இல்லை.

இப்படியே 281-க்கு வாருங்கள். 281 × 3 = 843; 790 − 843 = −53. 53² = 2809. ஒன்று கூட்டினால் 2810. அது 281 × 10.

கிடைத்துவிட்டது. 624101 ÷ 281 = 2221. 47² = 2209 என்பதால் 2221-க்கு வரம்பு 47; 281 வரை எல்லாமே தோற்றுவிட்டதால் 2221 பகா எண்.

624101 = 281 × 2221.

காரணிகள் நான்கே: 1, 281, 2221, 624101. அவற்றின் கூடுதல் 282 × 2222 = 6,26,604. சார்பகா எண்களின் எண்ணிக்கை 280 × 2220 = 6,21,600.

இரண்டு வர்க்கங்களின் கூடுதல்

4-ஆல் வகுத்து 1 மீதி வரும் ஒவ்வொரு பகா எண்ணையும் இரண்டு வர்க்கங்களின் கூடுதலாக எழுதலாம், ஒரே ஒரு வழியில். எப்படிக் கண்டுபிடிப்பது? 281-க்கு மேலே கிடைத்த 53-ஐ வைத்து, மீப்பெரு பொது வகுத்தி (மீ.பொ.வ.) காணும் யூக்ளிடின் முறையைத் தொடங்குங்கள்.

281 = 5 × 53 + 16
53 = 3 × 16 + 5

281-ன் வர்க்கமூலம் 16.7. அதற்குக் கீழே வரும் முதல் இரண்டு மீதிகள் 16, 5. நிறுத்திவிடுங்கள். 16² + 5² = 256 + 25 = 281.

2221-க்கு 790-ஐயே நேராக வைத்துத் தொடங்கலாம்.

2221 = 2 × 790 + 641
790 = 1 × 641 + 149
641 = 4 × 149 + 45
149 = 3 × 45 + 14

வர்க்கமூலம் 47.1, அதற்குக் கீழே முதல் இரண்டு மீதிகள் 45, 14. 2025 + 196 = 2221. எந்த இடத்தில் நிறுத்துவது என்பதில்தான் தவறு வரும்: வர்க்கமூலத்துக்குக் கீழே வரும் முதல் மீதியும் அதற்கு அடுத்ததும், அவ்வளவே. 149-ஐயும் 45-ஐயும் எடுத்தால் கூடுதல் எங்கேயோ போய்விடும்.

இனி 7-ஆம் நூற்றாண்டுப் பிரம்மகுப்தரின் முற்றொருமை. இரண்டு வர்க்கக் கூடுதல்களைப் பெருக்கினால் வருவதும் இரண்டு வர்க்கக் கூடுதலே, அதுவும் இரண்டு வழியில். 16, 5-ஐயும் 45, 14-ஐயும் இணைப்போம்.

16 × 45 + 5 × 14 = 720 + 70 = 790; 16 × 14 − 5 × 45 = 224 − 225 = −1.
16 × 45 − 5 × 14 = 720 − 70 = 650; 16 × 14 + 5 × 45 = 224 + 225 = 449.

முதல் வரி நாம் தொடங்கிய 790² + 1². இரண்டாவது வரி புதியது: 650² + 449² = 4,22,500 + 2,01,601 = 6,24,101. கொடைக்கானல் பின்கோடை இரண்டு வர்க்கங்களின் கூடுதலாக எழுத இந்த இரண்டு வழிகள்தான் உண்டு, மூன்றாவது கிடையாது. நான்கு எண்களில் இந்தப் பகுதியில்தான் மாணவர்களோடு அதிக நேரம் செலவிட வேண்டும் என்பது எங்கள் எண்ணம். பகா எண், மீதி, மீ.பொ.வ., இயற்கணித முற்றொருமை நான்கும் ஒரே எண்ணில் சந்திக்கின்றன.

ஊட்டிக்கு இது ஏன் முடியாது? 643001-ஐ 4-ஆல் வகுத்தால் மீதி 1-தான், கொடைக்கானலைப் போலவே. அதைப் பார்த்து முடியும் என்று எழுதிவிடக் கூடாது. முழு எண்ணின் மீதி போதாது, ஒவ்வொரு பகாக் காரணியையும் பார்க்க வேண்டும். 61 சரி (6² + 5²), ஆனால் 83, 127 இரண்டுக்கும் மீதி 3. அப்படிப்பட்ட பகா எண் ஒற்றைப்படைத் தடவை வந்தால் இரண்டு வர்க்கக் கூடுதல் சாத்தியமே இல்லை.

பெர்மாவின் வர்க்க வித்தியாச முறை இங்கே ஏன் உதவாது

சில வழிகாட்டிகள் பெரிய எண்ணுக்கு இந்த முறையைத்தான் முதலில் சொல்லும்: வர்க்கமூலத்துக்கு மேலே உள்ள எண்களை வர்க்கப்படுத்தி, நம் எண்ணைக் கழித்து, மிச்சம் முழு வர்க்கமா என்று பார்ப்பது. இரண்டு காரணிகள் ஒன்றுக்கொன்று அருகில் இருந்தால் ஓரிரு படியில் விடை வரும். ஊட்டிக்கு 802² − 643001 = 203, வர்க்கமில்லை; 803²-க்கு 1808, வர்க்கமில்லை; இப்படியே போய் 2595-ல்தான் 2595² − 643001 = 2468² என்று வந்து 127 × 5063 கிடைக்கும். அது 1794-ஆவது முயற்சி. கொடைக்கானலுக்கு 1251 வரை போக வேண்டும். பத்து முயற்சி செய்து பாருங்கள், கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள்.

கூடலூர், குன்னூர்

643212-ன் கடைசி இரண்டு இலக்கம் 12, எனவே 4 உண்டு. இலக்கக் கூடுதல் 18, எனவே 9 உண்டு. 36-ஆல் வகுத்தால் 17867. 17-ஐச் சோதிக்க: வால் 7, 17 × 1 = 17, கழித்து வெட்டினால் 1785; வால் 5, 17 × 5 = 85, கழித்து வெட்டினால் 170 = 17 × 10. பெருக்கிகள் 1, 5, 10, ஈவு 1051. அதற்கு வரம்பு 32. மிச்சமுள்ள 17, 19, 23, 29, 31 ஐந்தும் வகுக்காது. 643212 = 2² × 3² × 17 × 1051.

காரணிகள் 3 × 3 × 2 × 2 = 36. ஊட்டிக்கு 8, கொடைக்கானலுக்கு 4. காரணிக் கூடுதல் 7 × 13 × 18 × 1052 = 17,23,176. எண்ணைக் கழித்தாலும் 10,79,964 மிஞ்சுகிறது. எனவே மிகை எண். உண்மையில் கணக்கே போட வேண்டியதில்லை, 6-ஐவிடப் பெரிய 6-ன் மடங்கு எல்லாமே மிகை எண்தான். இங்கே அடிக்கடி வரும் தவறு, அடுக்கு 2 உள்ள பகா எண்ணுக்கு 1 + 2 = 3 என்று போட்டுவிடுவது. 2²-க்கு 1 + 2 + 4 = 7, 3²-க்கு 1 + 3 + 9 = 13.

குன்னூர் 643101: இலக்கக் கூடுதல் 15, 3-ஆல் வகுத்தால் 214367. 47-ஐ வைத்து வால் வெட்டினால் 21432, 2115, 188 என்று இறங்கி 188 = 47 × 4-ல் முடியும். பெருக்கிகள் 1, 6, 5, 4. ஈவு 4561, பகா எண். 643101 = 3 × 47 × 4561.

இரண்டு பின்கோடுகளுக்குப் பொதுக் காரணி உண்டா என்று பார்க்கக் காரணிப்படுத்தவே வேண்டாம், கழித்தால் போதும். பொதுக் காரணி எதுவோ அது வித்தியாசத்தையும் வகுக்கும். 643101 − 643001 = 100; இரண்டும் ஒற்றைப்படை, 5-ல் முடியாதவை; எனவே ஊட்டியும் குன்னூரும் சார்பகா எண்கள். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும்: 643001 − 624101 = 18900 = 2² × 3³ × 5² × 7. இந்த நான்கு பகா எண்களில் எதுவும் 643001-ஐ வகுக்காது என்று தொடக்கத்திலேயே பார்த்துவிட்டோம். இவையும் சார்பகா எண்கள்.

எதுவரை கையால் முடியும்

இரண்டு பின்கோடுகளையும் ஒட்டி 643001624101 என்று பன்னிரண்டு இலக்க எண்ணாக்கினால் சிறிய சோதனைகள் அப்படியே செல்லும். மூன்று மூன்று இலக்கமாக வலமிருந்து மாறி மாறிக் கூட்டிக் கழிக்க: 101 − 624 + 001 − 643 = −1165; அதோடு 1001 கூட்டினால் −164. 164-ஐ 7-ஆல் வகுத்தால் மீதி 3, 11-ஆல் 10, 13-ஆல் 8, மூன்றும் இல்லை. இலக்கக் கூடுதல் 28, 3-உம் இல்லை. ஆனால் வர்க்கமூலம் எட்டு லட்சத்தைத் தாண்டுகிறது. அதுவரை அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட பகா எண்கள் இருக்கின்றன. கூடலூரைப் போலச் சிறிய காரணிகள் இருந்தாலோ, கொடைக்கானலைப் போல உருவம் கைகொடுத்தாலோ ஒழிய, பன்னிரண்டு இலக்கத்தைக் கணினியிடம் விட்டுவிடலாம். நோட்டில் செய்ய ஆறு, ஏழு இலக்கமே ஏற்றது. உங்கள் ஊர்ப் பின்கோடை எடுத்து, முதலில் வர்க்கமூலம், அடுத்து 9-சோதனை, அடுத்து 1001 என்ற வரிசையில் தொடங்குங்கள்.